சிங்கரின் மனைவியும் அம்மாவின் நோட்டும்

நாற்பத்தைந்து வயதில் தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. மகள் மட்டும், "அப்பா, முதல்ல பட்டன் தைக்கக் கத்துக்கோங்க" என்றாள். நியாயமான யோசனைதான். ஆனால் எதையும் அடிப்படையிலிருந்து தொடங்குகிற நல்ல பழக்கம் நமக்கு ஏது? தலையணை உறை, துணிப்பை, உள்பாவாடை, ஜாக்கெட் என்று நான்கு உருப்படிகளுக்கு எக்ஸெல் ஷீட் போட்டேன். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கு. நான் மென்பொருள் துறையில் போட்ட எந்தக் கணக்கும் பலித்ததில்லை என்பது தனிக்கதை.

மெஷின் வாங்கவில்லை. நாகர்கோவில் வீட்டுப் பரணில் ஆச்சியின் சிங்கர் கைமெஷின் இருந்தது. வலது கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். துணியைப் பிடிக்க இடது கை மட்டும்தான் மிஞ்சும். எண்ணெய் விட்டு, துடைத்து, இரண்டு நாள் சுற்றிப் பார்த்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. நூறு வயதை நெருங்கும் இரும்பு!

ஓடியது மெஷின்தான், தையல் விழவில்லை. துணியின் அடிப்பக்கம் நூல் குருவிக்கூடு மாதிரிச் சுருண்டது. படகு ஷட்டிலைக் கழற்றினேன், பாபினை மாற்றினேன், மறுபடி சுற்றினேன். இரண்டு மணி நேரம் போனது. அம்மா கூடத்தில் காய் நறுக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்ளே, கீழ என்னத்த தேடுக? மேல நூலு சரியா கோக்கல்ல."

அதுதான் விஷயம். மேல்நூல் இரண்டு சின்ன வட்டத்தகடுகளுக்கு நடுவே இறுக்கமாகப் போக வேண்டும். நான் கோத்த நூல் தகடுகளுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பிடிமானம் இல்லாத நூலை ஷட்டில் இஷ்டத்துக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த உபரி நூல்தான் அடியில் சுருள்கிறது. பிழை தெரிகிற இடம் வேறு, பிழை இருக்கிற இடம் வேறு. இருபது வருடமாக ஜூனியர்களுக்கு நான் சொல்லித் தருவது இதைத்தான்.

தலையணை உறை ஒருவழியாக முடிந்தது. துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பது தெரியாததால், முதல் சலவையிலேயே சுருங்கித் தலையணையை நெரித்தது. துணிப்பை பரவாயில்லை. உள்பாவாடை அம்மாவின் மேற்பார்வையில் தேறியது. இந்த இடைவெளியில் என் வழக்கமான வியாதி தொடங்கிவிட்டது. மெஷினின் பூர்வீகம் என்ன?

எண்ணைப் பார்த்தால் ஊர் தெரியும்

பழைய சிங்கர் மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால் அதன் அடித்தட்டில் வலது பக்கம் பாருங்கள். ஒரு எண் பொறித்திருக்கும். முன்னால் ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ இருக்கலாம். எங்கள் ஆச்சியின் மெஷினில் 'ஒய்' என்று தொடங்கியது. அந்த வரிசை 1920-களிலும் 1930-களின் முதல் பாதியிலும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவற்றுக்கு உரியது. 1880-களில் எழுந்த அந்தப் பிரம்மாண்டமான ஆலை 1980-ல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டாலும் அங்கே இருக்கும் ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றுதான் பெயர்.

இப்படித் தேடிக்கொண்டே போனபோதுதான் காந்தி குறுக்கே வந்தார்.

1924-ல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் காந்தியைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்ப்பவரா என்று விடாமல் கேள்வி கேட்கிறார். அவர் பெயர் ராமச்சந்திரன். பின்னாளில் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கிய அதே ஜி. ராமச்சந்திரன்தான். காந்தி தன் விதிவிலக்குகளைச் சொல்லும்போது முதலில் எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போவதைப் பார்த்து, அவள்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று காந்தி சொல்கிறார். லாபத்துக்காக அல்லாமல் அன்புக்காகப் பிறந்த இயந்திரம், ஆகவே ஏற்கத்தக்கது என்பது அவர் வாதம். மாணவரும் லேசுப்பட்டவர் அல்ல. அந்த மெஷினைச் செய்வதற்குப் பெரிய ஆலை வேண்டுமே என்று மடக்குகிறார். அப்படிப்பட்ட ஆலைகள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்று காந்தி பதில் சொல்கிறார். 'யங் இந்தியா'வில் வெளியான இந்த உரையாடல் பின்னர் 'ஹிந்த் ஸ்வராஜ்' பதிப்புகளிலும் சேர்ந்தது.

அழகான கதை. சிக்கல் ஒன்றுதான். அது உண்மையில்லை.

சிங்கர் என்ற மனிதர்

ஐசக் மெரிட் சிங்கர் 1811-ல் பிறந்தவர். நாடக நடிகர், ஊர் ஊராகத் திரிந்தவர். ஒரு மனைவி இருக்கும்போதே இன்னொரு குடும்பம், அதற்கும் மேலே வேறு பெயரில் வேறு குடும்பம் என்று வாழ்ந்தவர். அவருக்குக் குறைந்தது 24 குழந்தைகள். எந்த மனைவியின் களைப்பைப் பார்த்து மெஷின் செய்தார் என்று கேட்டால் வரலாற்றில் பதில் இல்லை. 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறையில் பழுதுக்கு வந்திருந்த தையல் மெஷினைப் பார்த்தார்; இதை இன்னும் நன்றாகச் செய்யலாம், பணம் வரும் என்று நினைத்தார். 1851-ல் காப்புரிமை கிடைத்தது. 1875-ல் இங்கிலாந்தில் பெரும் செல்வந்தராக இறந்தார்.

தையல் மெஷினை அவர்தான் 'கண்டுபிடித்தார்' என்பதும் சரியல்ல. பிரான்சில் பார்தெலெமி திமோனியே 1830-லேயே காப்புரிமை பெற்று, ராணுவச் சீருடை தைக்க 80 மெஷின்களுடன் ஆலை நடத்தினார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த பாரிஸ் தையற்காரர்கள் 1831-ல் கூட்டமாக வந்து அவற்றை உடைத்தார்கள். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் 1834 வாக்கில் இரண்டு நூல் தையல் போடும் மெஷினைச் செய்துவிட்டுக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். ஏழைத் தையற்காரிகளின் வேலை போய்விடும் என்று அவர் மகள் தடுத்ததாகச் சொல்வார்கள். நாம் குத்திக்கொள்ளும் சேஃப்டி பின்னை 1849-ல் உருவாக்கி, உரிமையை 400 டாலருக்கு விற்றவரும் இதே ஹன்ட்தான். பாவம்!

1846-ல் காப்புரிமை பெற்றவர் எலியாஸ் ஹோவ். கையூசிக்குக் காது பின்முனையில் இருக்கும். மெஷின் ஊசிக்குக் காது கூர்முனையில் இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கி லேசாக மேலே எழும்பும்போது நூல் அடியில் ஒரு சின்னக் கண்ணி விடும். அந்தக் கண்ணிக்குள் ஷட்டில் பாய்ந்து கீழ்நூலை மாட்டிவிடும். எல்லாமே இந்த ஒரு கணத்தில்தான் அடங்கியிருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஊசி, படுக்கைவாட்டு மேசை, துணியை அழுத்தும் ஃபுட், காலால் மிதிப்பது ஆகியவற்றை ஒன்றாக்கி ஓடுகிற பொருளாக்கியது சிங்கர். ஹோவ் வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1856-ல் முக்கியமான கம்பெனிகள் எல்லாம் காப்புரிமைகளை ஒரே கூடையில் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டன. இன்றைக்கு நம் துறையில் 'பேட்டன்ட் பூல்' என்கிறோமே, அதற்கு ஆதி உதாரணம் இந்தத் தையல் மெஷின்தான்.

அதே 1856-ல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் இன்னொன்றைக் கொண்டுவந்தார்: தவணை. அப்போது மெஷின் விலை 100 டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்துக்குப் பல மாத வருமானம். சிறு முன்பணம் கட்டி எடுத்துப் போ, மீதியை மாதாமாதம் கட்டு. என்னைக் கேட்டால், வீட்டுக்குள் மெஷினைக் கொண்டுவந்ததில் ஊசிக்காதுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தத் தவணைச் சீட்டுக்கும் உண்டு.

அந்த மனைவி யார்?

அப்படியானால் தைத்துக் களைத்த மனைவியின் கதை எங்கிருந்து வந்தது? அந்தச் சாயலில் ஒரு கதை இருக்கிறது. ஆனால் அது ஹோவின் வீட்டுக் கதை. ஹோவ் உடல்நலமில்லாமல் கிடந்தபோது அவர் மனைவி எலிசபெத் வீட்டிலிருந்தே தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார், அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஹோவுக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். பின்னர் ஹோவ் இங்கிலாந்து போய்ப் பிழைக்க முடியாமல் வெறுங்கையுடன் திரும்பியபோது எலிசபெத் காசநோயில் மரணப் படுக்கையில் இருந்தார். மெஷினால் வந்த பணம் எதையும் அவர் பார்க்கவில்லை.

இந்த இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். காந்தி சொன்ன கதையில் மனைவி வீட்டுத் துணியைத் தைக்கிறாள். ஹோவின் கதையில் அவள் கூலிக்குத் தைக்கிறாள். வாயிலிருந்து வாய்க்குக் கதை போகப் போக, கூலி உதிர்ந்துவிட்டது, அன்பு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கூலி எப்படிப்பட்டது என்பதற்கு 1843-ல் லண்டன் 'பஞ்ச்' இதழில் தாமஸ் ஹூட் எழுதிய 'சட்டையின் பாடல்' சாட்சி. பட்டினியோடு சட்டை தைக்கும் பெண்ணைப் பற்றிய அந்தக் கவிதை அந்நாளில் பெரிய அதிர்வை உண்டாக்கியது. அந்தக் காலத்து மெஷின் கம்பெனி ஒன்று வெளியிட்ட ஒப்பீட்டின்படி ஒரு ஆண் சட்டைக்குக் கையால் 14 மணி 26 நிமிடம், மெஷினில் 1 மணி 16 நிமிடம். விற்பவர்கள் சொன்ன கணக்கு, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு சட்டைக்குப் பின்னால் எவ்வளவு மணி நேரம் ஒளிந்திருந்தது என்பது புரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அளவுவாரியாக வெட்டிய காகிதப் பேட்டர்னை 1863-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் தையற்காரர் எபினேசர் பட்டரிக். வீட்டில் தைக்கத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம் அது. ஒரே பேட்டர்ன் எல்லா அளவிலும் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று முதலில் சொன்னது அவர் மனைவி எலன் என்று சொல்லப்படுகிறது. கம்பெனிக்குப் பெயர் பட்டரிக்.

நம் பக்கம்

1870-களில் சிங்கர் இந்தியாவுக்கு வந்தது. இலங்கையில் 1877-ல் கால் பதித்தது. இங்கே முதலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் கடைத் திண்ணையில் உட்கார்ந்து தைத்த ஆண் தையற்காரர்கள். வீட்டுப் பெண்களிடம் மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. 1930-களில் கல்கத்தாவில் 'உஷா' வந்த பிறகு உள்நாட்டு மெஷின் என்ற ஒன்று உருவானது.

ஆனால் எங்கள் நாகர்கோவிலில் ஊசிக்கும் பணத்துக்குமான உறவு மெஷினுக்கு முந்தியது. 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி இங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசில் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பே ஊசியால் சம்பாதித்து வெளியே வந்தவர்கள் அவர்கள்.

தைத்த துணியை உடுத்துவதே இங்கே போராட்டமாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கத்துக்கு எதிரான தோள்சீலைப் போராட்டம் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1810-களில் கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று உத்தரவிட்டார். குப்பாயம் என்றால் தைத்த மேல்சட்டை. அதை அணிந்ததற்காகச் சந்தையில் கிழிக்கப்பட்ட பெண்கள் உண்டு. 1822-ல் தொடங்கிய கலவரங்கள் விட்டுவிட்டு நீடித்து, 1859 ஜூலை அரச அறிவிப்பில்தான் ஓரளவு முடிந்தன. அப்போதும்கூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்துபோய், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். "இதையும் உன் கம்ப்யூட்டர்ல போடு."

1988-ம் வருஷ நோட்டு

சாதாரண அன்ரூல்டு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கை வட்டம், கழுத்து. ஓரத்தில் தொகை. கொடுத்திருந்தால் ஒரு டிக், பாக்கி என்றால் ஒரு வட்டம்.

அம்மா தைப்பார் என்பது எனக்குத் தெரியும். தெருவில் நான்கைந்து பேர் வந்து போவார்கள். தீபாவளிக்கு என் சட்டையை அவர்தான் தைப்பார். "அம்மா சும்மா இருக்கிற நேரத்தில் ஆசைக்குத் தைப்பாங்க" என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். நோட்டை எக்ஸெலில் ஏற்றினேன். அந்த ஒரு வருஷத்தில் 214 ஜாக்கெட், 61 பாவாடை, 38 கவுன். ஜாக்கெட் 6 ரூபாய், பாவாடை 3, கவுன் 8. மொத்தம் 1,771 ரூபாய். மாதம் சராசரி 148. தீபாவளியும் கிறிஸ்துமஸும் வரும் கடைசி மூன்று மாதங்களில்தான் கிட்டத்தட்டப் பாதி.

பின் அட்டையில் வேறு கணக்கு இருந்தது. கால்மெஷின் தவணை, மாதம் 75. என் ஸ்கூல் ஃபீஸ். தங்கையின் ஃபீஸ். மண்ணெண்ணெய். அதாவது கிளார்க் 1856-ல் போட்ட அதே கணக்கு, எங்கள் வீட்டில் 1988-ல் நடந்திருக்கிறது. மெஷின் தன் தவணையைத் தானே சம்பாதித்துக் கட்டியிருக்கிறது. இல்லை, அம்மா சம்பாதித்துக் கட்டியிருக்கிறார். பாருங்கள், நானும் மெஷினைத்தான் எழுவாயாகப் போடுகிறேன்.

ஒரு ஜாக்கெட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். வெட்டி, தைத்து, கொக்கி வைத்து, ஹெம்மிங் செய்து இரண்டு மணி நேரம் என்றார். மணிக்கு மூன்று ரூபாய்.

அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பி.இ. சேர்வதற்கான விண்ணப்பத்தை நானே என் கையால்தான் நிரப்பினேன். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதினேன். பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. அம்மாவிடம் கேட்கவும் இல்லை.

இதைச் சொன்னபோது அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்பாவும் அப்படித்தான் ரேஷன் கார்டுல எழுதிச்சு" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. காந்தி சிங்கரின் வீட்டைப் பற்றித் தப்பாகச் சொன்னதைக் கண்டுபிடித்து, என்னவோ சாதித்த மாதிரி ஒரு வாரம் திரிந்தேன். என் வீட்டைப் பற்றி நான் சொல்லிவந்ததும் அதே கதைதான். பாசத்தை வைத்துக் கூலியை மறைக்கிற கதை. பாசம் இல்லை என்று சொல்லவில்லை, என் தீபாவளிச் சட்டை பாசம்தான். மற்ற 214 ஜாக்கெட்டும் வேலை. கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. அது பிழைப்புக்கான கருவி என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதே கருவி கணவன் இருக்கும் வீட்டில் ஓடினால் 'பொழுதுபோக்கு' என்று பெயர் வாங்கிவிடுகிறது.

நான்காவது உருப்படி

ஜாக்கெட் மிச்சம் இருந்தது. ஆறு மாதம் என்று போட்ட கணக்கு பத்து மாதம் ஆகிவிட்டது. அம்மாவின் அளவு ஜாக்கெட்டைப் பிரித்து, நியூஸ் பேப்பரில் வரைந்து, பருத்தித் துணியை இந்த முறை மறக்காமல் நனைத்துக் காயவைத்து வெட்டினேன்.

செய்து பார்த்தால்தான் தெரிகிறது. தட்டையான துணியை உருண்டையான உடம்புக்குப் பொருத்துவது சாதாரணக் கணக்கு இல்லை. டக் எங்கே முடிகிறது என்பதில் அரை இஞ்ச் தவறினால் மொத்தமும் கெடும். தோளில் கை ஏறும் வளைவும் உடம்பின் வளைவும் வேறு வேறு வடிவம். இரண்டையும் சுருக்கம் விழாமல் சேர்க்க வேண்டும். கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வெட்ட வேண்டும். நேர்வாட்டில் வெட்டினால் வளைவில் படியாது. அம்மா வெறும் பத்தாம் வகுப்பு. பேட்டர்ன் காகிதம் என்று ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. ஏழெட்டு அளவை நோட்டில் எழுதி, சாக்குக்கட்டியால் நேராகத் துணியிலேயே வரைந்து வெட்டியவர். ஒரு வருஷத்தில் 214 வெவ்வேறு முறை.

மூன்று தடவை பிரித்துத் தைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துக் கொடுத்தேன். வாங்கியதும் அம்மா முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கமாகத் திருப்பித் தையலை விரலால் தடவிப் பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"கை இறுக்கு. தையலுக்குத் துணி விட்டிருக்கா? ஆங், விட்டிருக்கு. பிரிச்சுக் கால் இஞ்ச் தள்ளித் தை. இதுக்கு ஆறு ரூவா குடுக்க மாட்டாவ மக்ளே."

பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மகளுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. தாத்தா, பாட்டியின் தொழில் கேட்டிருந்தார்கள். இந்த முறை அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதினேன். 'தையற்கலைஞர்' என்று எழுதட்டுமா என்றேன். "கலைஞரெல்லாம் வேண்டாம், டெய்லர்னு எழுது" என்றார். அப்படியே எழுதினேன்.